கல்வாழை, சம்பு, கோரை, வசம்பு: கொல்லை நீர்ப்பாத்தியில் எதை நடுவது?

குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தெருச் சாக்கடைக்குப் போகாமல், கொல்லையில் ஒரு ஜல்லிப் பாத்தி வழியாகத் தெளிந்து வாழைக்கும் தென்னைக்கும் பாயட்டும் என்று முடிவு செய்பவர்களில் பலர், குழி வெட்டி, சிமென்ட் பூசி, ஜல்லியும் கொட்டி முடித்த பிறகு, அதில் என்ன செடியை நடுவது என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். கொத்தனார் கல்வாழை போதும் என்பார். ஏரிக்கரையில் சம்பு தானாகவே வளர்கிறதே, அதையே பிடுங்கி வைக்கலாமே என்பார் பக்கத்து வீட்டுக்காரர். நர்சரியில் குடைபோல் விரிந்த கோரையைக் காட்டுவார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் வசம்பு வைக்கச் சொல்வார். இவர்களில் யார் சொல்வதும் தவறில்லை. நான்கு செடிகளும் சேற்றில் வளரும், நான்கும் சோப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும். ஆனாலும் அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. நட்ட ஆறு மாதத்தில் தெரியாத வேறுபாடு மூன்றாம் ஆண்டில் தெளிவாகத் தெரியும்.

இங்கே பேசப்படுவது குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வரும் சாம்பல்நீரைப் பற்றி மட்டுமே. கழிப்பறைத் தண்ணீரை நேரே இத்தகைய பாத்தியில் விடக்கூடாது. அதற்கு செப்டிக் டேங்க் முதலில் வேண்டும், கணக்கும் வேறு.

செடி உண்மையில் என்ன செய்கிறது

நீர்ச்செடிகளில் வேலம்பாசி போல் முழுதும் மூழ்கி வாழ்பவை உண்டு, வெங்காயத்தாமரை போல் மிதப்பவை உண்டு, அல்லி போல் இலையை மட்டும் நீர்மேல் பரப்புபவையும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட நான்கும் இந்த வகைகளில் சேராதவை. இவற்றின் வேரும் கிழங்கும் நீர் நிறைந்த மண்ணில் இருக்கும். தண்டும் இலையும் பூவும் நீருக்கு மேலே காற்றில் நிற்கும். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இருக்காது என்பதால், மற்றச் செடிகள் அங்கே வேரழுகிச் சாகும். இவை சாகாததற்குக் காரணம் இவற்றின் உடலுக்குள் இருக்கும் காற்றறைத் திசு. சம்பின் தாளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடை போல் அறை அறையாகத் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த அறைகள் வழியாகவே கிழங்குக்கும் வேர்நுனிக்கும் இறங்குகிறது. அப்படி இறங்குவதில் ஒரு சிறு பங்கு வேரிலிருந்து வெளியே கசிகிறது. கழிவுநீர்ப் பாத்தியில் இந்தச் செடிகளுக்கு இடம் கிடைத்ததே அந்தக் கசிவினால்தான், ஏனெனில் ஆக்சிஜன் தேவைப்படும் நுண்ணுயிர்கள் வேரை ஒட்டி வாழத் தொடங்குகின்றன.

அழுக்கைத் தின்பது பெரும்பாலும் ஜல்லியின் மேலும் வேரின் மேலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள்தான் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உறிஞ்சுவது உண்மை. ஆனால் அதை வெட்டி வெளியே எடுக்காவிட்டால், காய்ந்து விழும் இலை அந்தச் சத்தை மீண்டும் அதே நீரில் சேர்த்துவிடும். எனவே எந்தச் செடி அதிகம் சுத்திகரிக்கும் என்று கேட்பதைவிட, அதை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வெட்டுவார் என்று கேட்பதே பயன் தரும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

இந்த முறை ஐரோப்பாவில் வளர்ந்த ஒன்று. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற ஆய்வாளர் 1950களில் கோரைக் குடும்பச் செடி ஒன்றை வைத்துக் கழிவுநீரைத் தெளிய வைக்கும் சோதனைகளைத் தொடங்கினார். ரைன்ஹோல்ட் கிக்குத் என்பவரின் வேர்மண்டல முறையில் 1974இல் ஓத்ஃப்ரெசன் என்ற ஊரில் நாணல் பாத்தி இயங்கத் தொடங்கியது. அங்கே குளிர்காலத்தில் செடி தானே காய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். நம் ஊரில் செடிக்கு ஓய்வு கிடையாது. சத்துள்ள நீரும் பன்னிரண்டு மாத வெயிலும் கிடைத்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். அங்குள்ள கையேட்டைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஒப்பீட்டுக்கு ஒரு பாத்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள வீடு. நாளொன்றுக்கு சுமார் 350 லிட்டர் சாம்பல்நீர். பாத்தி 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். ஜல்லியில் நீர் நிற்கும் ஆழம் அரை மீட்டர். ஜல்லிக்கு இடையில் உள்ள வெற்றிடம் நூற்றுக்கு 38 பங்கு என்று கொண்டால், பாத்தி ஏறத்தாழ 1,140 லிட்டர் கொள்ளும். அதாவது உள்ளே வரும் நீர் மூன்று நாளுக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கிப் போகும். சாம்பல்நீருக்கு இது போதுமான அளவு. நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் கொசு முட்டையிட இடமில்லை; நிற்காவிட்டால் எந்தச் செடி வைத்தாலும் கொசு வரும்.

இந்தப் பாத்தியில் நிற்கப் போகும் செடிக்கு முதல் சோதனை வெயில். கொல்லையில் மதிலும் மாமரமும் இருந்தால் நாளுக்கு நான்கு மணி நேர வெயில்கூடக் கிடைப்பதில்லை. இரண்டாவது, நீர்வரத்து நிற்பது: பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மூன்று வாரம் பாத்தி காயும். மூன்றாவது உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரே பல இடங்களில் உப்பு. அதன்மேல் துணி சோப்பில் உள்ள சோடியமும் சேர்கிறது. நான்காவது, வேர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது. மேலே மட்டும் படரும் வேர் பாத்தியின் அடிப்பாதியை எட்டாது. ஐந்தாவது, அடங்கி நிற்குமா என்பது. கடைசியாக, வெட்டும் வேலையும், வெட்டியதை என்ன செய்வது என்பதும்.

எவரும் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஒரு லிட்டர் போகும். நம் 6 சதுர மீட்டர் பாத்தியில் கோடையில் நாளுக்கு 10 மில்லிமீட்டர் போனால் 60 லிட்டர். சுற்றிலும் காய்ந்த தரையாக இருந்து, நடுவில் உயரமான செடி அடர்ந்து நின்றால் இழப்பு இதைவிடக் கூடும். தென்னைக்குப் பாய்ச்சத்தான் இந்த ஏற்பாடு என்றால், செடி குடிப்பதும் செலவுதான்.

கல்வாழை

தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்து, கோயில் நந்தவனத்திலும் ரயில் நிலையத் தோட்டத்திலும் நம்முடையதாகவே ஆகிவிட்ட செடி இது. ஆரோவில் வட்டாரத்தில் கழிவுநீரை அந்தந்த இடத்திலேயே சுத்திகரிக்கும் அமைப்புகளின் ஜல்லிப் பாத்திகளில் கல்வாழை வழக்கமான காட்சி. முழு வெயிலில் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்து ஆண்டு முழுவதும் பூக்கும். அரை நிழலிலும் சாகாது, பூ மட்டும் குறையும். ஒன்றரை அடி இடைவெளியில் கிழங்குத் துண்டை நட்டால், நான்கைந்து மாதத்தில் பாத்தி மூடிவிடும். மூன்று வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் இலை கருகும். கிழங்கு காத்திருந்து, நீர் வந்ததும் துளிர்க்கும். தேன்சிட்டுகள் அந்தப் பூவைத் தேடி வருவதை ஒரு நன்மையாக எழுதலாமா என்று தெரியவில்லை; ஆனால் கழிவுநீர்ப் பாத்தி என்றதும் முகம் சுளிக்கும் வீட்டாரைச் சமாதானப்படுத்த அதைவிடச் சிறந்த வாதம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதன் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு தண்டு பூத்து முடிந்தால் அதன் வேலை முடிந்தது. அடியோடு வெட்டாவிட்டால் அங்கேயே அழுகி, அந்தக் கூழ் ஜல்லி இடுக்கில் இறங்கும். அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தியோடு ஒரு சுற்றுப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேர வேலைதான், ஆனால் அது நிற்காத வேலை. வெட்டிய தண்டில் தண்ணீர் அதிகம். மாடு இல்லாத வீட்டில் மூடாக்காகவோ உரக்குழிக்கோ போட்டுவிடலாம், எளிதில் மக்கும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு கிழங்குகள் மேலடுக்கில் திரண்டு ஜல்லியையே தூக்கத் தொடங்கும். அப்போது பாதியைத் தோண்டி எடுத்துக் கலைத்துவிட வேண்டும்.

உப்புக்கு இது பலவீனம். இலையோரம் பழுப்பாகக் கருகுவது முதல் அறிகுறி. நர்சரியில் பெரிய பூவோடு நிற்கும் கலப்பின வகைகளைவிட, சிறிய சிவப்புப் பூவும் குண்டுமணி போன்ற கறுப்பு விதையும் உள்ள நாட்டு வகையே பாத்திக்குத் தாக்குப்பிடிக்கும். அந்த விதை கடினமானது; விழுந்த இடத்தில் முளைக்கும், ஆனால் பிடுங்கினால் வந்துவிடும்.

சம்பு

யானைக்கோரை என்றும் சம்பங்கோரை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். இரண்டு முதல் மூன்று மீட்டர் உயரம், வாள் போன்ற இலை, நுனியில் பழுப்பு நிறத்தில் ஊதுவத்திக் கட்டுப் போல் கதிர். சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் கடந்து போனவர்கள் பார்த்திருப்பார்கள். கழிவுநீரைத் தாங்குவதில் நான்கிலும் இதற்கே முதலிடம். ஒரு மீட்டர் வரை தேங்கிய நீரிலும் நிற்கும், உவர்நீரையும் ஓரளவு ஏற்கும், மாதக்கணக்கில் காய்ந்தாலும் கிழங்கு உயிரோடு இருக்கும். செடிக்குக் காசும் தர வேண்டியதில்லை. இத்தனை நல்ல குணமும் சேர்ந்துதான் அதை வீட்டுக்கு ஆகாததாக ஆக்குகின்றன.

ஒரு கதிரில் விதைகள் லட்சக்கணக்கில் இருக்கும். பஞ்சோடு பறந்து பக்கத்து வயலின் வாய்க்காலிலும் போய் இறங்கும். விதையிலிருந்து முளைத்த ஒரே செடி ஓராண்டில் மூன்று மீட்டர் விட்டத்துக்குப் படர்ந்ததாகப் பதிவு உண்டு. நம் பாத்தியின் அகலமே அதில் பாதிதான். நான் முதலில் கட்டிய பாத்தியில் சம்புதான் வைத்தேன். சிமென்டுக்குப் பதில் தார்பாய் விரித்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் வெளியேறும் நீர் குறையத் தொடங்கியது. செடி குடிக்கிறது என்று நினைத்துப் பல மாதம் சும்மா இருந்தேன். தோண்டியபோது விளிம்பு மடிப்பில் கிழங்கின் கூர்முனை தார்பாயைத் துளைத்து வெளியே போயிருந்தது. தவறு செடியுடையது அல்ல; எந்த நிலத்துக்கு உரியதோ அந்த நிலத்தில் அதை வைக்காத என்னுடையது.

அதைவிட முக்கியமானது வேரின் ஆழம். கலிபோர்னியாவின் சான்டீ என்ற ஊரில் ஒரே மாதிரி அமைத்த ஜல்லிப் பாத்திகளில் வெவ்வேறு செடிகளை நட்டுச் செய்த ஆய்வு 1986இல் வெளியானது. கோரைக் குடும்பச் செடி நின்ற பாத்தி அமோனியாவில் நூற்றுக்கு 94 பங்கை நீக்கியது. நாணல் பாத்தி 78. சம்புப் பாத்தி 28 மட்டுமே. செடியே இல்லாத பாத்தி 11. சம்பின் வேர் சுமார் 30 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டதும், மற்ற இரண்டும் 60 சென்டிமீட்டரைத் தாண்டி இறங்கியதும் இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. பார்வைக்கு மிகப் பெரிதாக நிற்பது உள்ளே மிக ஆழமாக வேலை செய்யும் என்று நாம் நினைப்பதற்கு இந்த எண்கள் நேர் எதிராக இருக்கின்றன. அரை மீட்டர் ஆழப் பாத்தியில் அடியில் ஓடும் நீர் சம்பின் வேரைத் தொடாமலே போய்விடக்கூடும்.

அப்படியானால் சம்பு எங்கே நல்லது? ஊர்ச் சாக்கடை ஏரியில் விழும் இடத்தில், பரந்த, திறந்த, ஆழம் குறைந்த சதுப்பில். அங்கே நீலத்தாழைக்கோழி அதன் தண்டைத் தின்னும், கீற்றுத் தூக்கணாங்குருவி அதில் கூடு கட்டும். பத்துச் சென்ட் நிலத்துக்குக் குறையாமல் ஒதுக்கவும், ஆண்டுக்கு ஒருமுறை ஆள் விட்டு அறுக்கவும் முடிந்த ஊராட்சியோ கல்லூரி வளாகமோ இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே வைத்துவிட்டு ஒழிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி: தாளை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, சில வாரம் வெட்டுவாயை நீரில் மூழ்கவைத்துவிடுங்கள். காற்று இறங்கும் குழாய் அடைபட்டால் கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். வெட்டுவாய் நீருக்கு மேலே நின்றால் பயனில்லை.

கோரை

கோரை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று செடிகள் இருப்பதால் குழப்பம் வருகிறது. முதலாவது பாய்க்கோரை: பத்தமடையில் பாயாவதும், கரூர், மோகனூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பயிராக நிற்பதும் இதுவே. சங்க காலத்துச் சிறுமியர் பாவை செய்து விளையாடிய பைஞ்சாயும் கோரை இனந்தான். இரண்டாவது குடைக்கோரை: மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து வந்த அலங்காரச் செடி, மூன்றடி முதல் ஐந்தடித் தண்டின் உச்சியில் குடைக்கம்பி போல் இலைகள் விரியும். மூன்றாவது வயலில் களையாக வரும் கோரைக்கிழங்கு. இதைத் தெரியாமல்கூடப் பாத்திக்குள் கொண்டுவரக்கூடாது, பிறகு வீட்டுத் தோட்டம் முழுவதும் அதன் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டுப் பாத்திக்கு நான் சொல்வது குடைக்கோரை. சான்டீயில் முதலிடம் பெற்ற செடி இதே இனம் அல்ல, குடும்பத்தால்தான் உறவு. ஆனால் அடர்த்தியான சல்லிவேரை ஜல்லிக்குள் நன்றாக இறக்கும் குணம் இதற்கும் உண்டு. மதில் நிழலிலும் பச்சையாக நிற்கும் என்பது கொல்லைகளுக்குப் பெரிய வசதி. தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, குடையைத் தலைகீழாக நீரில் போட்டு வைத்தால் சில வாரத்தில் வேர் விடும். ஒரு செடி வாங்கினால் பாத்திக்கு வேண்டியதை நாமே பெருக்கிக்கொள்ளலாம். கிழங்கு கூராக நீளாமல் கொத்தாகவே பெருகுவதால் தார்பாய்க்கு ஆபத்துக் குறைவு.

இதிலும் குறை உண்டு. பூவென்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்டுகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிக் காய்வதால், எப்போதும் நாலில் ஒரு பங்கு காய்ந்தே தெரியும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அடியோடு அறுத்துவிட்டால் புதுத் தளிர் ஒரே சீராக வரும். நிலம் ஈரமாக இருந்தால் விதையிலிருந்தும் முளைத்து வரப்பில் பரவும். மூன்று வார வறட்சியைக் கல்வாழை அளவுக்கு இது பொறுப்பதில்லை. வெளியூர் போகும்போது வெளியேறும் குழாயை உயர்த்தி நீரைத் தேக்கிவிட்டுப் போக வேண்டும்.

பாய்க்கோரையைத் தேர்ந்தெடுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அது முழு வெயிலில், நெருக்கமாக, ஒரே சீராக வளர்ந்து, ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே மூச்சில் அறுக்கப்பட்டால்தான் நெசவுக்கு ஆகும். அறுத்ததைக் கிழித்து, உலர்த்தி, ஊறவைத்து, தறியில் ஏற்ற ஆள் வேண்டும். 6 சதுர மீட்டரில் கிடைப்பதற்கு எந்த நெசவாளரும் வரமாட்டார். பாய் நெசவு நடக்கும் ஊரில், பல வீட்டுத் தண்ணீர் சேர்ந்து ஒரு பெரிய பாத்திக்குப் போகிறது என்றால் நிலைமை வேறு. வெட்டியதற்கு விலை கிடைக்கும் ஒரே செடி இந்த நான்கில் அதுதான். விலை இருந்தால் வெட்டு தவறாது.

வசம்பு

பேர் சொல்லாதது என்றும் பிள்ளைவளர்ப்பான் என்றும் வழங்கும் வசம்பு, இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மேல் போகாத, வாள் வடிவ இலைகொண்ட செடி. கிழங்கைப் போலவே இலையைக் கசக்கினாலும் மணக்கும். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் கொரட்டகெரே வட்டாரத்தில் நெல்வயல் போலச் சேற்றில் நட்டுப் பயிர் செய்கிறார்கள். அரை நிழல் போதும். தாழ்ந்து நிற்பதால் காற்றில் சாயாது, நீரையும் குறைவாகவே குடிக்கும். பெரும்பாலும் கிழங்கால் மட்டுமே பெருகுவதால் ஊரெல்லாம் பரவும் அச்சமும் இல்லை.

ஆனால் இது மெதுவாக வளரும். ஓரடி இடைவெளியில் நட்டாலும் பாத்தி மூட ஓராண்டு பிடிக்கும், அதுவரை களை எடுக்க வேண்டும். எப்போதும் ஈரம் வேண்டும், உப்பு ஆகாது. முழு அழுக்கோடு வரும் நுழைவாய்ப் பக்கத்தில் வைத்தால் மஞ்சளித்துவிடும். தெளிந்த நீர் வரும் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் இதற்கு இடம். வசம்பின் மணத்துக்குக் கொசு அண்டாது என்பதை நம்பி வைப்பவர்கள் ஏமாறுவார்கள். கிழங்கின் எண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு. பாத்தியில் சும்மா நிற்கும் செடிக்கு அந்த வீரம் இல்லை.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை, பாத்தியில் விளைந்த கிழங்கைச் சுட்டுக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கக்கூடாது என்பது. கழிவுநீரில் வளர்ந்தது என்பது ஒரு காரணம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் பற்றிய ஐயத்தால் அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது என்பது இன்னொரு காரணம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இதை நடும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | கல்வாழை | சம்பு | குடைக்கோரை | வசம்பு |
|---|---|---|---|---|
| வெயில் | முழு வெயில். அரை நிழலில் பூ குறையும் | முழு வெயில் | அரை நிழலும் போதும் | அரை நிழலும் போதும் |
| மூன்று வாரம் நீரில்லாமல் | மீண்டு வரும் | எளிதில் மீளும் | தளரும் | தளரும் |
| உப்புநீர் | பொறுக்காது | ஓரளவு பொறுக்கும் | நடுத்தரம் | பொறுக்காது |
| வேர் இறங்கும் ஆழம் | நடுத்தரம் | குறைவு | நன்று | குறைவு |
| அடங்கி நிற்றல் | கிழங்கைக் கலைக்க வேண்டும் | அடங்காது | பெரும்பாலும் அடங்கும் | முழுதும் அடங்கும் |
| வெட்டு | 2, 3 வாரத்துக்கு ஒருமுறை, சிறிது | ஆண்டுக்கு ஒருமுறை, கடினம் | 3, 4 மாதத்துக்கு ஒருமுறை | மிகக் குறைவு |
| ஒளிந்திருக்கும் செலவு | அழுகும் தண்டு | துளைபடும் தார்பாய், நீரிழப்பு | காய்ந்த தோற்றம் | முதலாண்டுக் களை |

பட்டியலில் சேராதவை

நாணலை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். ஆற்று மணலில் வெண்கதிரோடு நிற்கும் நாணல் வேறு, கழிவுநீர்ப் பாத்திக்குச் சொல்லப்படும், மேலே நாணல் பாத்தி என்று வந்த இடங்களில் நின்ற கொறுக்கை வேறு. பின்னது ஆழ வேரும் உப்பைத் தாங்கும் வலுவும் உடையது, உண்மையிலேயே நல்ல செடி. ஆனால் மூன்று நான்கு மீட்டர் உயரமும் கூரான கிழங்கும் வீட்டுக் கொல்லைக்கு ஒத்துவராது. உப்பு மிகுந்த கடலோரத்தில், சிமென்ட் தொட்டியாகவும் இருந்தால் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். தாமரைக்கு ஜல்லி ஆகாது; களிமண்ணும் தேங்கிய நீரும் முழு வெயிலும் கேட்கும் அதைத் தனித்தொட்டியில் வையுங்கள். சேம்பு தானாக முளைத்து நன்றாகவே வளரும், ஆனால் யாராவது ஒருநாள் அதன் தண்டைப் பறித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள் என்பதால் நான் பிடுங்கிவிடுகிறேன்.

எந்த வீட்டுக்கு எது

வெயில் நன்றாக விழும், தோட்டத்தில் தினமும் நடமாடும் ஒருவர் உள்ள வீட்டுக்குக் கல்வாழையே சரி. அவர் கண்ணில் பட்ட தண்டை அப்போதைக்கப்போது வெட்டிவிடுவார், அதை ஒரு வேலையாகவே எண்ணமாட்டார். காலையில் போய் இரவில் திரும்பும் குடும்பத்துக்கும், மதில் நிழல் விழும் குறுகிய கொல்லைக்கும் குடைக்கோரை. வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றாலும் குடைக்கோரைதான், ஏனென்றால் குடியிருப்பவர் ஓராண்டு தொடாமல் விட்டாலும் பாத்தி அடைத்துக்கொள்வதில்லை, அலங்கோலமாக மட்டுமே தெரியும். கிணற்று நீர் நாக்கில் கரிக்கும் இடத்தில் கல்வாழையில் முதலீடு செய்ய வேண்டாம். நான்கு செடி மட்டும் வைத்து இரண்டு மாதம் இலையோரத்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். தெளிந்த நீர் ஒவ்வொரு லிட்டரும் தென்னைக்கு வேண்டும் என்பவர்கள் உயரமான எதையும் தவிர்த்து, பாத்தியின் கடைசிப் பகுதியில் வசம்பை வைக்கலாம்.

எனக்கு இன்று ஒரு பாத்தி நட வேண்டியிருந்தால், நுழைவாய்ப் பக்கம் முதல் ஒரு மீட்டரில் செடியே வைக்காமல் பெரிய ஜல்லியை மட்டும் விடுவேன். எண்ணெய்ப் பிசுக்கு முதலில் அடைப்பது அந்த இடத்தில்தான், அங்கே வேர் இல்லாவிட்டால் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடுவது எளிது. நடுவில் இரண்டு மீட்டருக்குக் குடைக்கோரை, வெளியேறும் முனையில் ஒரு மீட்டருக்குக் கல்வாழை. பூ வீட்டுப் பக்கம் பார்த்திருக்கும், கோரையின் காய்ந்த தண்டு அதன் பின்னால் மறையும். கல்வாழைக் கிழங்கு கோரைப் பக்கம் நகராமல் இருக்க, இடையில் ஒரு கடப்பைக் கல்லை ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகச் செருகிவிடுவேன்; நீர் அதன் அடியில் ஓடிப்போகும்.

நட்ட முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீர் மட்டும் விட வேண்டும். அந்த நாட்களில் மட்டத்தை ஜல்லியின் மேற்பரப்பு வரை உயர்த்தி, புது வேர் வந்ததும் மெல்ல இறக்கலாம். இறங்கும் நீரைத் தேடி வேரும் கீழே போகும். பிறகு பாதி நல்ல நீர், பாதி சாம்பல்நீர் என்று இரண்டு வாரம். சமையலறை நீர் பாத்திக்குள் வரும் முன் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு தொட்டி கட்டாயம் வேண்டும். அது இல்லாத பாத்தியில் இந்த ஒப்பீட்டில் உள்ள எந்தச் செடியை வைத்தாலும் இரண்டாம் ஆண்டில் ஜல்லியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.